வெளிநாட்டில் ஓராண்டு: வேலையா, சேவையா, ஒரு குடும்பத்தோடா, மொழிப் பள்ளியா, ஊர்சுற்றலா?

பள்ளி முடித்துக் கல்லூரியில் சேரும் முன்போ, படிப்பு முடித்து வேலைக்குப் போகும் முன்போ, இருக்கிற வேலையை விட்டுவிட்டோ ஓராண்டு கேப் இயர் எடுத்துக்கொண்டு, பழக்கமே இல்லாத ஒரு நாட்டில் போய் இருக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நாட்டின் பெயரிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். ஜப்பானா, ஜெர்மனியா, பெருவா? என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பிறகு, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியம், நீங்கள் யாரோடு இருப்பீர்கள்? அன்றைக்கு நீங்கள் வரவில்லை என்றால் அங்கே யாராவது தேடுவார்களா?

இதற்கான பதில் நாட்டைவிட, போகிற வழியைப் பொறுத்துத்தான் அதிகம் மாறும். ஒரே ஊரில் ஓராண்டு இருந்தும் மற்ற நாட்டுப் பேக்பேக்கர்களை மட்டும் தெரிந்துகொண்டு திரும்புகிறவர் உண்டு. அதே ஊரில் பக்கத்து வீட்டுச் சொத்துத் தகராறு வரைக்கும் அறிந்துகொண்டு வருகிறவரும் உண்டு. வழிகள் முக்கியமாக ஐந்து: வேலை செய்துகொண்டே சுற்ற அனுமதிக்கும் ஒர்க்கிங் ஹாலிடே விசா, தன்னார்வச் சேவை, ஒரு குடும்பத்தோடு தங்குவது, மொழிப் பள்ளி, நாடு நாடாகச் சுற்றுவது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் மேலே கேட்டதுதான். வாரத்தில் எத்தனை மணி நேரம் அந்த ஊர்க்காரர்களோடு, அவர்கள் மொழியில், ஏதாவது ஒரு காரியமாகப் புழங்குவீர்கள்? சும்மா பேசிப் பழக ஆள் கிடைப்பது எந்த ஊரிலும் கஷ்டம். சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

இரண்டாவது, கழன்றுகொள்ள வழி இருக்கிறதா என்பது. படுக்கை, சம்பளம், விசா மூன்றும் ஒரே ஆளின் கையில் இருக்கிற ஏற்பாடு, அவர் நல்லவராக இருக்கும்வரை சுகமானது. மனக்கசப்பு வந்துவிட்டால் மூன்றும் ஒரே நாளில் போகும். போகும் முன் யாரும் இதை யோசிப்பதில்லை.

மூன்றாவது பணம். அதில் விளம்பரத்தில் வருகிற தொகையைவிட வராத தொகைதான் முக்கியம். நான்காவது விசா. எத்தனை நாள் இருக்கலாம் என்பதோடு, அங்கே என்ன செய்யலாம் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது அளவுகோல் கொஞ்சம் விளக்க வேண்டியது. நார்வேயின் சமூகவியலாளர் ஸ்வேர் லிஸ்கோர், அமெரிக்கா போய்வந்த ஃபுல்பிரைட் உதவித்தொகையாளர்கள் 200 பேரிடம் பேசி 1955இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அந்த நாட்டோடு நன்றாகவே ஒட்டிப்போயிருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் திணறியிருந்தார்கள். கேப் இயர் சரியாக அந்த இடைப்பட்ட காலத்தில்தான் வந்து விழுகிறது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்த முடிவை அப்படியே ஏற்கவில்லை. முதல் சில வாரங்கள்தான் மிகக் கடினம் என்று கண்டவர்களும் உண்டு. எப்போது வந்தாலும் சரி, எல்லாம் எரிச்சலூட்டுகிற ஒரு கட்டம் வரும். வரிசையில் நிற்கிற விதம், பேசும்போது கண்ணைப் பார்க்கிற விதம், "பார்க்கலாம்" என்று சொன்னால் சம்மதமா மறுப்பா என்று புரியாத குழப்பம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அழுத்தும். அந்தச் சமயத்தில் காலையில் எழுந்து போக ஓர் இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு வழியையும் கேட்டுப் பாருங்கள்.

## ஒர்க்கிங் ஹாலிடே விசா

ஆஸ்திரேலியா 1975இல் தொடங்கியது இது. நியூசிலாந்து, கனடா, ஜப்பான், தென்கொரியா என்று பல நாடுகள் இப்போது தருகின்றன. எல்லாம் நாட்டுக்கு நாடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் என்பதால், உங்கள் பாஸ்போர்ட் பட்டியலில் இருந்தால்தான் கதவு திறக்கும். வயது வரம்பு பொதுவாக 18 முதல் 30. சில நாட்டவருக்கு 35. ஆஸ்திரேலியாவிலேயே 417, 462 என்று இரண்டு வகை. 462 வகையில் சீனா, இந்தியா, வியட்நாம் நாட்டவரைக் குலுக்கல் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். குலுக்கலில் பெயர் வரும்வரை வேலையை ராஜினாமா செய்யக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தில் இதுதான் உறுதியான வழி. போன இடத்திலேயே சம்பாதிக்கலாம். ஆனால் கையில் வருவது விளம்பரத்தில் பார்த்த மணிக்கூலி அல்ல. ஆஸ்திரேலியாவில் இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி. ஓய்வூதியக் கணக்கில் முதலாளி போடும் சூப்பர் பணத்தை நாட்டை விட்டுப் போகும்போது எடுக்கலாம், ஆனால் அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். போகும்போது பெரிய தொகை கிடைக்கும் என்று அதை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

ஊர்க்காரர் பழக்கத்தில் இது இரண்டுங்கெட்டான். இரண்டாம் ஆண்டும் விசா வேண்டுமானால் பெரும்பாலானோர் நாட்டின் உட்பகுதியில் மூன்று மாதம், அதாவது 88 நாள், குறிப்பிட்ட வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். பலரும் பழத்தோட்டத்துக்குப் போவார்கள். அங்கே தங்கும் ஹாஸ்டலே வேலையும் பிடித்துத் தரும். வாடகை கட்டிக்கொண்டிருந்தால்தான் மறுநாள் வேலைப் பட்டியலில் பெயர் வரும். விடிவதற்கு முன்னால் வேன் வந்து நிற்கும். வேனில் பிரான்ஸ், தைவான், அர்ஜென்டினா என்று பல நாட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். உள்ளூர்க்காரர் என்றால் வேன் ஓட்டுபவரும் மேஸ்திரியும்தான். சாயங்காலம் சமையலறையில் அடுப்புக்கு வரிசை. பேச்சு முழுக்க, எந்தத் தோட்டத்தில் பெட்டிக்கு எவ்வளவு என்பதைப் பற்றி. பெட்டிக் கணக்கில் கூலி வாங்குகிற தோட்டத் தொழிலாளர்களுக்கும் குறைந்தபட்ச மணிக்கூலி உண்டு என்ற விதி 2022 ஏப்ரலில்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. இதைத் தெரியாமலே ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படுக்கையும் வேலையும் ஒரே கையில் இருக்கும் ஏற்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். நட்பு கிடைக்கும், கைக்காசு கிடைக்கும், ஆஸ்திரேலியா எப்படி வாழ்கிறது என்பது மட்டும் தெரியாது.

அதே விசாவில் ஒரு சிற்றூரின் கஃபேயிலோ முதியோர் இல்லச் சமையலறையிலோ வேலை கிடைத்தால் கதை வேறு. வாடிக்கையாளர் பெயர் தெரியும், யாருக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம் என்று தெரியும். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும் உண்டு என்பதால் இரண்டு ஊருக்குத் திட்டம் போடலாம்.

சேமிப்பு குறைவு, உடல் உழைப்புக்குத் தயார், தனியாகச் சமாளிக்கும் சுபாவம் என்றால் இதுவே சரி. வேலையை மாற்றினாலும் விசா உங்களிடமே இருக்கும் என்பது இதன் பெரிய பலம்.

## தன்னார்வச் சேவை

இங்கே இரண்டு உலகம் இருக்கிறது. ஒன்றில் உங்களுக்குச் செலவு செய்வார்கள். இன்னொன்றில் உங்களிடம் கட்டணம் வாங்குவார்கள்.

முதல் வகைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோப்பியன் சாலிடாரிட்டி கார்ப்ஸ் ஓர் உதாரணம்: 18 முதல் 30 வயது வரை, அதிகபட்சம் ஓராண்டு, பயணம், இருப்பிடம், உணவு, இன்ஷூரன்ஸ், கைச்செலவு எல்லாம் அவர்களுடையது. ஒன்றிய நாட்டவருக்கும் அண்டை நாடுகள் சிலவற்றுக்கும்தான் அது பெரும்பாலும் திறந்திருக்கிறது. ஜெர்மனியில் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்திய 2011இல் கூட்டாட்சித் தன்னார்வச் சேவை தொடங்கியது. வெளிநாட்டவரும் விசா பெற்றுச் சேரலாம். மருத்துவமனை, முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் விடுதி என்று முழுநேர வேலை. கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும். படுக்கை விரிப்பை மாற்றுவது, ஊட்டிவிடுவது, சக்கர நாற்காலியைத் தள்ளுவது என்று கவர்ச்சி இல்லாத வேலைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை மதியக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. நீங்கள் வராவிட்டால் அன்றைக்கு ஒருவர் தோட்டத்துக்குப் போக முடியாது.

இரண்டாவது வகையில், ஏஜென்சிக்குப் பணம் கட்டிச் சில வாரம் "சேவை" செய்யலாம். கட்டுகிற பணத்தில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடலாம். நீங்கள் செய்யப்போகிற வேலையைச் செய்ய அங்கேயே ஆள் கிடைக்காதா என்றும் கேளுங்கள். அனாதை இல்லத்தில் சேவை என்று யாராவது அழைத்தால் போகவே வேண்டாம். உலகெங்கும் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார். வெளிநாட்டுப் பார்வையாளர்களும் நன்கொடையும் வருவதால்தான் குழந்தைகளைச் சேர்த்து வைத்திருக்கும் இல்லங்களும் உண்டு. இதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவம் என்று 2018இல் ஆஸ்திரேலியா அங்கீகரித்தது. மாதத்துக்கு ஒரு புது அண்ணன், புது அக்கா வந்து பாசம் காட்டிவிட்டுப் போவது குழந்தைக்கு என்ன செய்யும் என்பதையும் யோசியுங்கள்.

இடையில் ஒரு வகை இருக்கிறது: பண்ணையில் அரைநாள் உழைப்புக்குச் சாப்பாடும் படுக்கையும். 1971இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் என்ற அமைப்பு இதில் பழையது. மலிவு, நல்ல பழக்கம், ஆனால் விசாவில் வழுக்கும். "சம்பளம் வாங்கவில்லையே" என்று சுற்றுலா விசாவில் போய்விடுவார்கள். நியூசிலாந்து போன்ற நாடுகளில் சாப்பாடும் தங்குமிடமும் வாங்கிக்கொண்டு உழைப்பதே வேலைதான். குடிவரவு அதிகாரியிடம் பண்ணையின் முகவரியைச் சொன்ன பிறகு இந்த விவாதம் எடுபடாது.

சேவையை எப்போது தேர்ந்தெடுக்கலாம்? செவிலியர் பணி, சமூகப் பணி, கற்பித்தல் இவற்றில் ஒன்று உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க வேண்டியிருக்கும்போது. உலகத்துக்கு ஏதாவது செய்துவிட்டு வரவேண்டும் என்பது மட்டும் காரணமாக இருந்தால், விமான டிக்கெட் காசை அங்கே அனுப்பிவிடுவது அதிகப் பயன் தரும்.

## ஒரு குடும்பத்தோடு

பள்ளி வயதில் என்றால் மாணவர் பரிமாற்றம். ஏ.எஃப்.எஸ். என்ற பரிமாற்ற அமைப்பு 1947இலிருந்து பள்ளி மாணவர்களை அனுப்பிவருகிறது, ரோட்டரியும் 15 முதல் 19 வயதினரை அனுப்புகிறது. வீட்டார் பெரும்பாலும் பணம் வாங்காமல் தங்கவைக்கிறார்கள். வயது கொஞ்சம் கூடினால் ஓபேர்: குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்குவது. ஜெர்மனியில் இதற்கு வாரம் 30 மணி நேரம் வேலை, மாதம் 280 யூரோ கைச்செலவு, 27 வயதுக்குள் இருக்க வேண்டும், ஜெர்மன் மொழியின் முதல் படியாவது தெரிந்திருக்க வேண்டும். மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோவும் வீட்டார் தருவார்கள். அமெரிக்காவில் வாரம் 45 மணி நேரம் வரை வேலை வாங்கலாம்.

பழக்கத்தில் இதற்கு ஈடே இல்லை. முதல் மாதம் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்துவைப்பீர்கள். எந்தக் கோப்பை யாருடையது, எந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். நான்கு வயதுக் குழந்தை உங்கள் இலக்கணத்தைக் கூச்சமில்லாமல் திருத்தும். எந்த வாத்தியாரும் அப்படித் திருத்தமாட்டார். பிறகு ஒருநாள், கணவனும் மனைவியும் மெல்லிய குரலில் பேசிக்கொள்வது சண்டைதான் என்று உங்களுக்கே புரியும். கலாசாரம் என்று பெரிதாகச் சொல்கிறோமே, அது ஒரு வீட்டில் யார் பாத்திரம் கழுவுகிறார்கள், பதின்வயது மகள் கதவை அறைந்தால் அப்பா என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது. அது ஹாஸ்டலில் கிடைக்காது.

கழன்றுகொள்வதில் ஐந்து வழிகளில் இதுதான் மோசம். 30 மணி நேரம் என்று எழுதியிருந்தாலும், "இன்று சாயங்காலம் மட்டும்" என்று தொடங்கி அது நீளும். வீட்டு ஆள் மாதிரி என்று சொல்லும்போதே மணிக்கணக்கு கேட்கக் கூச்சம் வந்துவிடுகிறது. அதனால் இரண்டு காரியம். ஒன்று, வேறு குடும்பத்துக்கு மாற்றித் தரும் பொறுப்புள்ள அமைப்பு வழியாகப் போவது. நேரடியாகப் பேசிக்கொண்டால் கட்டணம் மிச்சம், ஆனால் நடுவில் யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டு, இதற்கு முன் அந்த வீட்டில் இருந்தவரோடு வீட்டார் இல்லாமல் தனியாக ஒருமுறை பேசுவது. அந்தத் தொடர்பைத் தர வீட்டார் தயங்கினால் அதுவே பதில்.

குழந்தைகள் பிடிக்காதவர், மலிவாகத் தங்கலாமே என்று மட்டும் ஓபேராகப் போவது இரு தரப்புக்கும் தண்டனை.

## மொழிப் பள்ளி

விசா நேரானது, நாள் ஒழுங்கானது, திரும்பி வந்தால் காட்டச் சான்றிதழ் இருக்கும். ஆனால் செலவு முழுக்க உங்களுடையது. ஜெர்மனியில் மாணவர் விசாவுக்கே ஓராண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள விதி. அது செலவல்ல, மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும். என்றாலும் முதல்நாளே புரட்ட வேண்டிய தொகை. ஜப்பானில் அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். அங்கே மொழி பழகுவது வகுப்பைவிட அந்த வேலையில்தான்.

இதன் உள்குறை வகுப்பறையில் ஊர்க்காரர் யாரும் இல்லை என்பது. ஆசிரியரைத் தவிர எல்லோரும் வெளிநாட்டவர். இடைவேளை மணி அடித்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். மதியத்துக்கு மேல் ஒரு கால்பந்துக் குழு, பாட்டுக் குழு என்று ஏதாவது ஒன்றில் சேராவிட்டால் ஓராண்டு அந்தக் கட்டடத்துக்குள்ளேயே முடியும்.

எந்த மொழி என்பதும் கணக்கில் சேரும். ஆங்கிலம் தாய்மொழியான தூதரக ஊழியர்களுக்கு ஸ்பானிஷ் கற்க 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும் ஜப்பானியம், கொரியம், அரபு, சீனம் கற்க 2,200 மணி நேரமும் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. வாரம் 20 மணி நேர வகுப்பு என்றால் ஓராண்டில் சுமார் ஆயிரம் மணி நேரம்தான் கிடைக்கும். தமிழ்போல வினைச்சொல் கடைசியில் வரும் ஜப்பானியமும் கொரியமும் வாக்கிய அமைப்பில் நமக்கு அவ்வளவு மிரட்டாது. ஜப்பானிய எழுத்து எல்லோரையும் ஒரே மாதிரி மிரட்டும்.

அந்த நாட்டில் மேற்படிப்போ வேலையோ பின்னால் தேடப்போகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம்.

## நாடு நாடாக

சுதந்திரம் முழுசு, பழக்கம் மேலோட்டம். ஆறாவது நாட்டுக்கு வரும்போது கோயிலும் சந்தையும் கலங்கித் தெரியும். விசா கணக்கு வேறு. ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில்) எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. பக்கத்து ஷெங்கன் நாட்டுக்குப் போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்காது. இன்ஷூரன்ஸிலும் ஒரு ஓட்டை: இரண்டு சக்கர வண்டிக்கான உரிமம் இல்லாமல் வாடகை ஸ்கூட்டரில் விழுந்தால் பொதுவாக இழப்பீடு கிடைக்காது.

வேலையில் சோர்ந்து ஓய்ந்துபோய் வருகிறவர்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்வேன். அவர்களுக்கு யாரும் தேடாமல் இருப்பதே தேவையாக இருக்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | ஊர்க்காரர் பழக்கம் | கழன்றுகொள்வது | பணம் |
|---|---|---|---|
| ஒர்க்கிங் ஹாலிடே | வேலையைப் பொறுத்தது | எளிது | வரவு உண்டு, வரியும் உண்டு |
| அரசுத் திட்டச் சேவை | மிக நன்று | நடுத்தரம் | கைச்செலவு கிடைக்கும் |
| கட்டணச் சேவை | குறைவு | எளிது, பணம் திரும்பாது | அதிகச் செலவு |
| குடும்பம் | மிக நன்று | கடினம் | செலவு குறைவு |
| மொழிப் பள்ளி | தேடிப் போனால்தான் | எளிது | அதிகச் செலவு |
| ஊர்சுற்றல் | குறைவு | கேட்கவே வேண்டாம் | உங்கள் கையைப் பொறுத்தது |

## இரண்டைச் சேர்ப்பது

தடுமாறுகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது இதுதான்: முதல் இரண்டு மூன்று மாதம் மொழிப் பள்ளி, மீதி அதே ஊரில் சேவையோ குடும்பமோ. பள்ளி முடிகிற நேரத்தில் அந்த எரிச்சல் கட்டம் தொடங்கலாம். அப்போது கையில் கொஞ்சம் மொழியும் போக ஓர் இடமும் இருக்கும். ஆனால் விசா வகையை நாட்டுக்குள் இருந்தபடியே மாற்ற விடுவார்களா என்று தூதரகத் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் இதைத் திட்டமிட வேண்டும். வெளியே போய் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னால், இரண்டாவது விமான டிக்கெட்டும் செலவில் சேரும்.

எந்த வழியானாலும் எல்லோரும் மறக்கிற செலவுகள் சில. போலீஸ் நற்சான்று, சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு போடும் முத்திரை), மொழிபெயர்ப்பு, மருத்துவப் பரிசோதனை. போனவுடன் வீட்டு டெபாசிட், குளிர்காலத் துணி. முதல் சம்பளம் வரும்வரை கைக்காசு. கல்லூரி இடத்தை ஓராண்டு தள்ளிவைப்பதாக இருந்தால் எழுத்தில் வாங்குங்கள். இடம் காத்திருந்தாலும் உதவித்தொகை காத்திருக்குமா என்று தனியாகக் கேளுங்கள்.

திரும்பிய பிறகும் இரண்டு மாதத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். வெளியே போய்ப் படுகிற திணறல் வீடு திரும்பியதும் இன்னொரு முறை வருகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதி 1963லேயே எழுதினார்கள். வந்த மறுவாரமே வேலைக்குச் சேர்வதாக ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நல்லது. அப்புறம், பழைய போன் எண்ணை ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். எண் காலாவதியானால் உங்கள் பணத்தை நீங்களே தொட முடியாது.